சிறு நாடும் அணுக்கரு இணைவும்

1951-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அர்ஜென்டினக் குடியரசுத் தலைவர் ஹுவான் பெரோன் உலகை வியப்பில் ஆழ்த்தும் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ரொனால்டு ரிக்டர் என்னும் விஞ்ஞானி, ஹுவேமுல் என்ற ஏரித்தீவில், இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறுவதில் வெற்றி கண்டுவிட்டார் என்பதே அச்செய்தி. சூரியனுக்குள் நிகழ்வதை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்தி விட்டதாக இதற்குப் பொருள். பால் புட்டியைப் போல் ஆற்றலையும் புட்டிகளில் அடைத்து விற்கலாம் என்றுகூட அந்நாளில் பேசப்பட்டது.

உண்மை வேறாக இருந்தது. 1952-இல் அரசு அமைத்த ஆய்வுக் குழுவில் ஹோசே பல்செய்ரோ என்ற இளம் இயற்பியலாளர் இடம் பெற்றார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர் இதற்கெனவே தாயகத்துக்கு அழைக்கப்பட்டார். தீவிலிருந்த கருவி எட்டிய வெப்பநிலை இணைவுக்கு வேண்டியதற்கு மிகக் கீழே இருந்ததை அவர் கணக்கிட்டுக் காட்டினார். திட்டம் மூடப்பட்டது.

ஆனால் அந்தப் பொய்ச்செய்தி ஒரு மெய்யான விதையை ஊன்றிச் சென்றது. அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர் லைமன் ஸ்பிட்சர், இணைவை உண்மையாகவே நிகழ்த்த வழி என்னவென்று சிந்திக்கலானார். பத்து கோடி டிகிரிக்கு மேல் சூடேறிய வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காது. அந்நிலையில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடுகின்றன. பிளாஸ்மா எனப்படும் அவ்வாயு மின்னூட்டம் உடையதாகையால் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். முறுக்கிய காந்தப்புலத்தால் ஒரு கூடு அமைத்து அதனுள் பிளாஸ்மாவை நிறுத்தலாம் என்று ஸ்பிட்சர் கண்டார். அக்கருவிக்கு ஸ்டெல்லரேட்டர் எனப் பெயரிட்டார்.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இலத்தீன் அமெரிக்காவிலேயே ஒரு ஸ்டெல்லரேட்டர் இயங்கியது. இயக்கியது கோஸ்ட்டாரிக்கா என்ற மிகச் சிறிய நாடு. பரப்பில் கேரளத்தைக் காட்டிலும் பெரியது. மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பது இலட்சம். 1948-இல் படையைக் கலைத்துவிட்ட நாடு அது. கார்த்தாகோ நகரிலுள்ள அந்நாட்டுத் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்பெயினில் பயின்று திரும்பிய இவான் வர்காஸ் தலைமையில், மாணவர்களும் ஆசிரியர்களும் வடிவமைத்துக் கட்டிய 'எஸ்.சி.ஆர்.-1' என்ற கருவி 2016 ஜூன் 29 அன்று முதன்முறையாகப் பிளாஸ்மாவை உண்டாக்கியது.

அக்கருவியின் அளவை எண்ணிப் பாருங்கள். அலுமினியத்தாலான வளைய வடிவ வெற்றிடக் கலம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள். வளையத்தின் ஆரம் 25 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உள்ளிருக்கும் பிளாஸ்மாவின் கன அளவு எட்டு லிட்டர். ஒரு சிறு குடம் கொள்ளும் நீர். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் 2015 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய பெரிய ஸ்டெல்லரேட்டரிலோ அது முப்பதாயிரம் லிட்டர். கோஸ்ட்டாரிக்கக் கருவியில் வாயுவைச் சூடேற்றுபவை மாக்னெட்ரான்கள். வீட்டுச் சமையலறையில் உள்ள நுண்ணலை அடுப்பிலும் இதே வகைச் சாதனமே வேலை செய்கிறது.

இக்கருவியில் இணைவு நிகழ்வதில்லை; ஒரு விளக்கை எரிக்கும் மின்சாரமும் இதிலிருந்து வராது. நிகழ வேண்டிய வெப்பநிலைக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அதைக் கட்டியவர்களும் அவ்வாறு உரிமை பாராட்டவில்லை. ஹுவேமுல் தீவுக்கும் கார்த்தாகோவுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

அப்படியானால் எதற்காக இம்முயற்சி என்ற வினா எழுவது இயல்பு. ஏழை நாடுகளின் வரவு செலவுத் திட்டங்களில் அது எழுந்தே தீரும். கோஸ்ட்டாரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தும், எஞ்சியது பெரும்பாலும் எரிமலை வெப்பம், காற்று ஆகியவற்றிலிருந்தும் கிடைக்கிறது. முதல் பிளாஸ்மா தோன்றிய அதே 2016-இல்தான் 305 மெகாவாட் திறனுள்ள ரெவெந்தசோன் நீர்மின் நிலையமும் திறக்கப்பட்டது. இருந்தும் 2024-இல் வறட்சியால் அணைகள் வற்றியபோது மின்வெட்டை அறிவிக்க வேண்டிய நிலை நேர்ந்தது. மழை வந்ததால் அது கைவிடப்பட்டது. ஆறுகளைப் பெரிதும் நம்பியிருக்கும் நாடு வேறு ஆற்றலைப் பற்றிச் சிந்திப்பதில் தவறில்லை. எனினும் இக்கருவியின் பயனை அக்கணக்கில் எழுதுவது சரியாகாது.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. 1952-இல் அர்ஜென்டினாவை மேலும் பணம் இழக்காமல் காத்தது ஒரு பல்செய்ரோ. கணக்குப் போடத் தெரிந்த ஒருவரும் நாட்டுக்கு இல்லாதிருந்தால், சொல்பவர் சொன்னதையே அரசு நம்பியிருக்கும். 1955-இல் அதே ஏரிக்கரையில் பல்செய்ரோ தலைமையில் தொடங்கப்பட்ட பரிலோச்சே இயற்பியல் கழகம் அந்நாட்டின் அணுத்துறைக்கு ஆட்களை உருவாக்கித் தந்தது. அணுக்கரு இணைவைப் பற்றி ஆண்டுதோறும் புதிய வாக்குறுதிகளைத் தனியார் நிறுவனங்களும் அரசுகளும் அளித்துவரும் இக்காலத்தில், அவற்றை எடைபோடக் கூடியவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் தேவை. வெளியிலிருந்து வாங்கும் அறிக்கையால் அத்திறன் வந்துவிடாது.

இந்தியாவும் இவ்வழியில் வந்ததே. 1955-இல் ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் முறை காணப்படும் என எதிர்பார்த்தார். அக்கணிப்பு பொய்த்தது. ஆயினும் காந்திநகரில் 1989-இல் இயங்கத் தொடங்கிய 'ஆதித்யா' என்ற கருவியில் பெற்ற அனுபவம், பிரான்சில் ஏழு தரப்பினர் கட்டிவரும் 'ஈட்டர்' உலையில் இந்தியா 2005-இல் பங்காளியாகச் சேர்ந்தபோது கைகொடுத்தது. கோஸ்ட்டாரிக்கா அந்த எழுவரில் ஒன்றன்று. அத்தகைய பங்குத்தொகை செலுத்த அதனால் இயலாது.

கார்த்தாகோவில் நடப்பது அதனினும் எளிய பணி. சில நொடிகளே நீடிக்கும் பிளாஸ்மாவின் ஒளியை நிறமாலைமானியால் பகுத்து, அதன் வெப்பநிலையையும் அடர்த்தியையும் மாணவர்கள் அளக்கிறார்கள். கணினி முன்கூட்டிச் சொன்னதோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துவராதபோது சுருள்களைச் சோதித்து மீண்டும் தொடங்குகிறார்கள்.