கொடியேறும் நாளில் எந்த வாசகம்?

கேள்வியை நேரே வைக்கிறேன். யூன் 13 என்றால் அந்தோனியார் என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். யூன் 29 இராயப்பர், சின்னப்பர். ஒக்ரோபர் 1 குழந்தை இயேசுவின் திரேசாள். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். போன திருநாளில் வாசித்த நற்செய்தி எது என்று கேட்டால் இந்தப் பந்தலில் எத்தனை கை உயரும்? புனிதரின் பெயரும் அன்றைய வாசகமும் திருவழிபாட்டு நாட்காட்டியில் ஒரே கட்டத்துக்குள்தான் அச்சாகின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த நாள் எங்களோடு பேசும். நான் சொல்லவந்தது அவ்வளவுதான். அதற்குச் சாட்சி மட்டும் நிறைய இருக்கிறது.

முதற்சாட்சி அந்தோனியார். தொலைந்த பொருளைக் கேட்கிறோம், மெழுகுதிரி கொளுத்துகிறோம். அந்தச் சுரூபத்தின் கையில் இருப்பதைப் பார்த்தீர்களா? புத்தகம்! குழந்தை இயேசு அந்தப் புத்தகத்தின் மேல்தான் இருக்கிறார். 1231இல் பாதுவாவில் இறந்த இந்த மனிதர் விட்டுப்போன எழுத்து என்ன? ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்குமான மறையுரைகள். அன்றன்றைய வாசகத்தை எடுத்து, வரிக்கு வரி விளக்கிய வேலை. அதற்காகவே 1946இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தோனியார் தொலையவிடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் புத்தகம். அவருடைய திருநாளிலேயே அதை நாங்கள் தொலைக்கலாமா?

(கைதட்டல்)

கைதட்டுங்கள், ஆனால் முழுவதையும் கேளுங்கள். உங்களிடம் வேதம் இல்லை, சுரூபந்தான் இருக்கிறது என்று வீடுவீடாக வந்து சொல்லிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும். யுத்தம் முடிந்து தகரக் கொட்டிலில் இருந்த சனத்திடம், உன் புனிதரை விட்டுவிட்டு வா என்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த வாயைத் திறந்து கொடுத்தவர் யார்? திருநாள் நோட்டீசை எடுத்துப் பாருங்கள். நவநாள் உபயகாரர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும், ஒலியமைப்பு யார் என்று இருக்கும். ஒன்பது நாளுக்கும் என்ன வாசகம் என்று ஒரு வரி இருக்காது. வெளியே இருப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு வரியை முதலில் அச்சடிக்க வேண்டும்.

திருச்சபையே புனிதர் நாள்களைக் குறைத்துவிட்டதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு, ஆண்டவரின் மறைபொருள்களைக் கொண்டாடும் நாள்களுக்குப் புனிதர் நாள்களைவிட முதலிடம் கொடுத்தது. 1969இல் நாட்காட்டி திருத்தப்பட்டது. சரி. ஆனால் அதே ஏடுதான் இறைவார்த்தையின் பந்தியை இன்னும் தாராளமாக விரிக்கச் சொன்னது. அதிலிருந்துதான் ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்றும் வாரநாளுக்கு இரண்டு ஆண்டுச் சுற்றும் வந்தன. ஒரு புனிதரின் நினைவு நாளிலும் பெரும்பாலும் அந்த வாரநாளின் வாசகமே தொடரலாம் என்று ஒழுங்கும் வந்தது. அதாவது புனிதரை வெளியே அனுப்பவில்லை, வாசகத்துக்குப் பக்கத்தில் இருத்தினார்கள்.

மடுவைப் பாருங்கள். யூலை 2 ஏன் திருநாள்? பழைய நாட்காட்டியில் அது மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த நாள். 1969இல் உரோமை அதை மே 31க்கு மாற்றியது, மடு மாறவில்லை. ஓகஸ்ட் 15க்கு லட்சக்கணக்கில் கூடுகிறோமே, அன்றைய பகல் திருப்பலியின் நற்செய்தி எது? லூக்கா முதலாம் அதிகாரம், அதே சந்திப்பு! கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவசரமாக மலைநாட்டுக்கு நடந்துபோன கதை. வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்குகிற கடவுளை அவள் பாடியதும் அங்கேதான். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மடு மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிவந்ததாகச் சொல்கிறோம். 1999 நவம்பரில் அதே கோயிலில் அடைக்கலம் புகுந்த சனத்தில் நாற்பது பேரளவில் செல்லடியில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தா. நடந்து நடந்து வந்த சனத்துக்கு, நடந்துபோன தாயின் நற்செய்தியைவிட நெருக்கமான வாசகம் எது? அதைக் கேளாமல் கூடாரம் அடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

நாளாந்தம் வாசிக்க எங்கே நேரம், கடலுக்கும் வயலுக்கும் போகிற சனம் நாங்கள் என்று சிலர் சொல்வார்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் விழுந்ததிலிருந்து 1687இல் யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரன் கோலத்தில் வந்து இறங்கும்வரை இங்கே குரு இல்லை. கோயில்கள் பறிபோயின. அந்த நாளில் விசுவாசத்தைச் சுமந்தவர்கள் மூப்பர்மார். நேரம் இருந்தா செய்தார்கள்? அடிகளாருக்குப் பின்னால் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் மறையுரைகளையும் நற்செய்தி விளக்கங்களையும் எழுதிக் குவித்ததும் அந்தப் பஞ்சம் தெரிந்துதான். வாஸ் அடிகளாரின் நாள் யனவரி 16. தை நடுவில் வாரநாள் வரிசை மாற்கு நற்செய்தியின் தொடக்க அதிகாரங்களில் நிற்கும். 2025இல் அந்தத் திகதிக்கு விழுந்த பகுதி, தொழுநோயாளரை இயேசு கைநீட்டித் தொட்டது. 1697இல் கண்டியில் பெரியம்மை வந்து, சொந்தக்காரரே நோயாளியை விட்டு ஓடியபோது, கைநீட்டித் தொட்டவர் யார்? நற்செய்தியையும் அந்த மனிதரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறு விளக்கம் தேவையில்லை.

இனி நான் விடமுடியாத ஒருவர். பெயர் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். 2009 மே 18, வட்டுவாகல். தனியாகத் தப்பியிருக்கக்கூடிய வயதான குரு, சரணடைந்த சனத்தோடு நின்று அவர்களோடு பஸ்ஸில் ஏறியதாகக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அன்றைய நாட்காட்டிக் கட்டத்தை எடுங்கள். பாஸ்காவின் ஆறாம் வாரம், திங்கள். நற்செய்தி யோவான் 15இன் கடைசியும் 16இன் தொடக்கமும்: உங்களைக் கொல்கிறவன் கடவுளுக்குத் தொண்டு செய்வதாக எண்ணும் காலம் வரும் என்று இயேசு சீடரை எச்சரிக்கும் இடம். அன்றைய புனிதர்? முதலாம் யோவான் பாப்பரசர். 526ஆம் ஆண்டு, அதே மே 18, இரவென்னாவில் அரசன் தியோடோரிக்கின் சிறையில் இறந்தவர். காவலில் செத்த புனிதரும் அந்த எச்சரிக்கையும் ஒரே கட்டத்தில்!

தற்செயல் என்பீர்கள். இருக்கட்டும். அந்த வரிசை முள்ளிவாய்க்காலுக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே உரோமையில் அச்சான வரிசை. எங்களுக்காக யாரும் பொறுக்கி எடுத்த வசனம் இல்லை. அரசியலுக்காக வேதத்தை வளைக்கிறீர்கள் என்று அதிகாரி வந்து கேட்டால், நாட்காட்டியைக் காட்டலாம். நான் அந்தக் குருவைப் புனிதர் என்று அறிவிக்கவில்லை, அது திருச்சபையின் தீர்ப்பு. 1544இல் மன்னாரில் சங்கிலி மன்னன் கொன்ற வேதசாட்சிகளே இன்னும் பீடத்துக்கு வரவில்லை. ஆனால் வாசகத்துக்குத் தீர்ப்புத் தேவையில்லை.

திருநாள் சபையாரிடம் இரண்டு கேட்கிறேன். அடுத்த நோட்டீசில் ஒன்பது நவநாளுக்கும் வாசக இலக்கம் அச்சாக வேண்டும். மே 18இல் வன்னியின் ஒவ்வொரு கோயிலிலும் அன்றைய வாசகத்தோடு முதலாம் யோவானின் பெயரும், அதன் பிறகு அந்தப் பங்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களும் வாசிக்கப்பட வேண்டும். 2017 பெப்ரவரி 20 முதல் இதே கிளிநொச்சியில் அவர்களைத் தேடித் தெருவோரம் குந்தியிருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கேளாமலே இறந்துவிட்டார்கள். சம்மதமா இல்லையா என்று சபைத் தலைவர்கள் இந்த மேடைக்கு வந்து இன்றைக்கே சொல்லட்டும்.