மரத்தில் படம் பதிக்கக் கற்றுக்கொண்டேன்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிந்த தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறையில் பெண்கள் என்ன செய்கிறோம்? உப்புத்தாள் தேய்க்கிறோம், பாலிஷ் போடுகிறோம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கினபோது, "படத்தை நீ மரத்தில் ஏத்திக் கொடு, நான் உளி பிடிக்கிறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முறை ரொம்ப லேசு. பலகையை நன்றாகத் தேய்த்துத் தூசி தட்டணும். ஈரம் இருந்தால் கோடு பரவும். பலகைக்கு நடுவே நேர்கோடு ஒன்று, படத்துக்கு நடுவே ஒன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரணும். கார்பன் தாளை மை பக்கம் கீழே வைத்து, மேலே படத்தை வைத்து, தலைப்பக்கம் மட்டும் ஊசி குத்தணும். மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரையணும். வரையும்போதே கீழ்ப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் விட்டுப்போன கோடு தெரிந்துவிடும்.

கருத்த மரத்தில் கார்பன் தெரியாது. அதுக்கு ஆரி வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த வழிதான். கோட்டு மேலேயே ஊசியால் துளை போட்டு, மெல்லிய துணியில் சுண்ணாம்புத்தூளை முடிந்து ஒற்றினால் புள்ளி புள்ளியாக விழும். புள்ளியை இணைக்க நமக்குச் சொல்லித் தரணுமா? தினமும் வாசலில் செய்கிறதுதானே!

இப்போ நான் பட்ட அடியைச் சொல்கிறேன். இரண்டடி உயரத்தில் பிள்ளையார் பலகை ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. சங்கத்தில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி மரம் எடுத்தோம். டிரேசிங் தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டேன். அவரும் கவனிக்காமல் செதுக்கிவிட்டார். பாலிஷ் போடும்போதுதான் பார்த்தேன், தும்பிக்கை மாறி இருந்தது. கேட்டது இடம்புரி, நான் செய்தது வலம்புரி. "வீட்டில் வைத்துக் கும்பிட இது ஆகாது" என்று சொல்லி அவர்கள் எடுக்கவே இல்லை. ஒரு மாத உழைப்பு போச்சு.

அந்த வாரக் கூட்டத்துக்குப் போகவே கூசினேன். யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. மூன்று மாதத் தவணையைத் தள்ளிக் கொடுத்தார்கள். "அடுத்த படத்தை எங்க முன்னாடி வைத்துப் போடு" என்று மட்டும் ஒரு அக்கா சொன்னார். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் சிவப்பு மையில் "மேல்", "இடது" என்று எழுதாமல் மரத்தில் வைப்பதில்லை. பிள்ளையாருக்கு இடது என்றால் பார்க்கிற நமக்கு வலது. அதையும் எழுதிவிடுவேன். கடன் முழுசும் அடைந்துவிட்டது. அந்தப் பிள்ளையார் எங்க வீட்டில்தான் இருக்கிறார். தினமும் பூ வைக்கிறேன்.

இன்னொன்று. செதுக்கச் செதுக்க மேல் கோடு போய்விடும். திரும்பத் திரும்ப வரையணும். அதனால் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. வேணுங்கிறவர்கள் வந்து எடுத்து நகல் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் போடுகிறவளும் சிற்பத்தில் பங்கு உள்ளவள்தான். கூலி பேசும்போது அந்த வேலையைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். கைவினைஞர் அடையாள அட்டைக்கு உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் போடுங்கள். படம் போடக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள். காசு வேண்டாம், பழைய பேனா ஒன்று கொண்டுவந்தால் போதும்.