தீக்குச்சி முந்தட்டும், வாயு பிந்தட்டும்

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாண எரிவாயுக் கலனைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீங்க. குழி எவ்வளவு ஆழம், சாணத்துக்குத் தண்ணீர் எவ்வளவு, வெளியே வரும் கரைசலை வயலுக்கு எப்படி விடுவது என்றெல்லாம் பலர் சொல்லியிருப்பார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், குழாயின் மறுமுனையில் இருக்கும் அடுப்பு. அதை எப்படிப் பற்ற வைப்பது, தீயை எப்படி நம் கைக்குள் வைத்துக்கொள்வது என்பது பற்றிப் பேசுகிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. கலன் நல்லா வாயு கொடுக்குது. ஆனால் அடுப்படியில் மறுபடியும் விறகு புகையுது. இப்படிப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஏம்மா என்று கேட்டால், "சார், அரைத் தீப்பெட்டி காலியானாத்தான் அது பத்துது. பத்தினாலும் நின்னு எரியறதில்லை. ஒரு நாள் 'பக்'குனு மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. அதோட விட்டுட்டோம்" என்கிறார்கள். செங்கல், சிமெண்டு, கூலி என்று செலவு செய்து கட்டிய கலன், ஒரு சின்ன காற்றுத் துளையைச் சரியாக வைக்காததால் வீணாகிறது. அந்த அம்மாவோ திரும்பவும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்.

இந்த வாயுவின் குணம்

முதலில் வாயுவின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். சாண எரிவாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீத்தேன் என்னும் எரியும் வாயு இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அது எரியாது, எரிவதையும் மந்தப்படுத்தும். ஈரவிறகை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல இந்த வாயு பற்றுவதும் மெதுவாகத்தான், தீ பரவுவதும் மெதுவாகத்தான்.

இரண்டாவது விஷயம் காற்று. சாண வாயு ஒரு பங்கு முழுதாக எரிய, காற்று 5 முதல் 6 பங்கு வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் வாயுவுக்கோ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அபாயம். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலும் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். 'பக்' என்று முகத்துக்கு வந்ததாகச் சொன்னார்களே, அது இதுதான்.

அடுப்புக்குள் என்ன நடக்கிறது?

குழாயில் வரும் வாயு முதலில் திருகுக்கு வருகிறது. அதைத் தாண்டியதும் ஊசித் துளை போன்ற ஒரு சிறு துளை. இதை ஜெட் என்பார்கள். அந்தத் துளை வழியாக வாயு பீறிட்டுப் பாயும்போது, பக்கத்தில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதற்காகத்தான் அங்கே காற்றுத் துளை வைத்து, அதன்மேல் திருப்பக்கூடிய ஒரு தகடும் போட்டிருக்கிறார்கள். வாயுவும் காற்றும் கலவைக் குழாயில் கலந்து, பர்னர் தலையில் உள்ள துளைகள் வழியே வெளிவந்து எரிகின்றன. போதாத காற்றைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனி நாட்டில் புன்சன் என்ற விஞ்ஞானி 1855-ஆம் ஆண்டு வாக்கில் தம் சோதனைச் சாலையில் பயன்படுத்திய பர்னரும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

ஆக, உங்கள் கையில் இரண்டு கடிவாளங்கள் இருக்கின்றன. திருகு, வாயுவுக்கு. தகடு, காற்றுக்கு. பல வீடுகளில் திருகை மட்டும் திருப்புகிறார்கள். தகடு வாங்கி வந்த நாளில் இருந்தபடியே துருப்பிடித்துக் கிடக்கிறது.

சிலிண்டர் அடுப்பு ஆகுமா?

"வீட்டில் சிலிண்டர் அடுப்பு ஒன்று சும்மா கிடக்கு. அதையே இதுக்கும் மாட்டிக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆகாதுங்க. சிலிண்டர் வாயு ரெகுலேட்டர் வழியாக வரும்போது சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீர் மட்ட அழுத்தத்தில் வருகிறது. மிதக்கும் இரும்பு டிரம் வைத்த கலனில் 10 சென்டிமீட்டர் அழுத்தம் இருந்தாலே பெரிது. சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளையும் மிகச் சின்னது; காற்றும் நிறைய இழுக்கும்படி அமைந்தது. அதில் சாண வாயுவை விட்டால் வாயு கொஞ்சமாக வரும், காற்று அதிகமாகிவிடும். தீ பற்றாது, பற்றினாலும் பர்னரை விட்டு எழும்பி அணைந்துவிடும்.

ஜெட்டைத் துளை போட்டுப் பெரிதாக்கிச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரிதாக்கிய ஜெட்டோடு அந்த அடுப்பு ஒரு நாள் மறுபடி சிலிண்டருக்குப் போனால், தீ ஆளுயரம் எழும். சாண வாயு அடுப்பு என்றே செய்த அடுப்பை வாங்குங்கள். அதற்கான இந்தியத் தர எண் 8749. அந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பற்ற வைக்கும் முறை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வரிசையைக் கவனமாகக் கேளுங்க.

முதலில் ஜன்னலைத் திறவுங்கள். அடுப்பின் மேல் பாத்திரம் வேண்டாம். காற்றுத் தகட்டை ஏறக்குறைய மூடிவிடுங்கள். பிறகு தீக்குச்சியைக் கிழித்து, அது நன்றாக எரிந்ததும் பர்னரின் ஓரத்துக்குக் கொண்டு போங்கள். அதற்கப்புறம்தான் திருகைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். வாயு வந்ததும் தீ பிடித்துக்கொள்ளும். தீ வளையம் முழுதும் சுற்றி வந்த பிறகு திருகை வேண்டிய அளவு திறந்து, தகட்டை மெல்ல மெல்லத் திறந்து காற்றைக் கூட்டுங்கள். நீலத் தீ வந்ததும் பாத்திரத்தை வையுங்கள்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. திருகைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள். முதல் குச்சி காற்றில் அணைகிறது, இரண்டாவது நமுத்திருக்கிறது. மூன்றாவது குச்சி எரிவதற்குள், பாத்திரத்துக்கு அடியில் வாயு சேர்ந்துவிடுகிறது. அப்புறம் 'பக்'! புடவைத் தலைப்பும் புருவமும் தப்புவது அவரவர் அதிர்ஷ்டம். ஆகவே தீக்குச்சி முந்த வேண்டும், வாயு பிந்த வேண்டும். தீதான் வாயுவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பற்றவில்லையா? உடனே திருகை மூடிவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். வாயு கலையட்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

லைட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைட்டரை அழுத்தும்போது உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் ஒரு படிகத்தின் மேல் அடிக்கிறது. அந்த அடியில் படிகத்தில் மின்சாரம் பிறந்து பொறியாகத் தாவுகிறது. பொறி கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. சிலிண்டர் வாயு அதிலேயே பற்றிவிடும். மந்தமான நம் சாண வாயு, அதுவும் ஈரம் கலந்து வரும்போது, சில சமயம் பற்றாது. லைட்டரைப் பர்னரில் வைத்துக்கொண்டே திருகைக் கொஞ்சம் திறந்து, உடனே அழுத்துங்கள். இரண்டு மூன்று அழுத்தில் பற்றாவிட்டால் திருகை மூடிவிட்டுத் தீக்குச்சிக்கு வந்துவிடுங்கள்.

தீயின் நிறம் பேசும்

பயிரின் இலையைப் பார்த்தே என்ன சத்து குறைவு என்று சொல்லிவிடுகிறீர்கள். தீயையும் அப்படிப் படிக்கலாம்.

தீ மஞ்சளாக, நீளமாக ஆடினால் காற்று போதவில்லை. பாத்திரத்தில் கரி பிடிக்கும், வாயு பாதி வீண். தகட்டைத் திறவுங்கள்.

தீ பர்னரை விட்டு எழும்பி, 'உஸ்' என்று இரைந்து, அணையப் பார்த்தால் காற்று அதிகம், அல்லது அழுத்தம் அதிகம். தகட்டைக் கொஞ்சம் மூடுங்கள். அதிலும் அடங்காவிட்டால் திருகைக் குறையுங்கள்.

தீ குதித்துக் குதித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கலனிலிருந்து வரும் வாயுவில் ஈரம் உண்டு. அது குளிர்ந்த குழாயில் தண்ணீராகத் தேங்கிவிடும். நீர் வடிக்கும் குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். குழாய் போடும்போதே 100 அடிக்கு ஓர் அடியாவது சரிவு வைத்து, தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

தீ நீலமாக, துளைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்து எரிந்தால் எல்லாம் சரி.

இன்னொன்று. தீனபந்து போன்ற நிலையான கூரைக் கலன்களில் அழுத்தம் ஒரே சீராக இராது. இரவெல்லாம் சேர்ந்த வாயு காலையில் வேகமாக வரும். சமைக்கச் சமைக்கக் குறையும். காலையில் வைத்த தகடு கடைசி வரை ஒத்து வராது. சமையலுக்கு நடுவே ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கண்தான் காவல்

சில புதுவகை அடுப்புகளில் தீ அணைந்தால் வாயு தானாக நின்றுபோகும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு உலோகக் கம்பிகளின் இணைப்பு ஒன்று தீயில் நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் அதில் சிறிதளவு மின்சாரம் உண்டாகி, ஒரு காந்தம் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து கம்பி ஆறினால் காந்தம் விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும். நம் வீட்டுச் சாண வாயு அடுப்புகளில் பெரும்பாலும் இது கிடையாது. பால் பொங்கி அணைந்தாலும், காற்று வீசி அணைந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அடுப்பை எரியவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடாதீர்கள். இரவில் அடுப்புத் திருகோடு நிற்காமல், குழாயின் பெரிய வால்வையும் மூடுங்கள்.

அழுகின முட்டை நாற்றம் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழிக்காதீர்கள், மின்விளக்குப் பொத்தானைத் தொடாதீர்கள். வால்வை மூடி, ஜன்னல் கதவைத் திறவுங்கள். நாற்றம் முழுதும் போன பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு. நெருப்பைக் காட்டிச் சோதிக்கவே கூடாது. சாண வாயு காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதனால் சமையலறையில் உயரத்தில் ஒரு திறப்பு வேண்டும். சிலிண்டர் வாயு கனம், தரையில் படியும். அது உள்ள வீட்டில் தாழ்வாகவும் ஒரு திறப்பு வேண்டும்.

புதுக் கலன் கட்டியவர்கள், முதலில் சேரும் வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். அதில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். கலனருகிலோ குழாய் முனையிலோ தீ வைத்துப் பார்ப்பது மிகவும் ஆபத்து. சோதனையை எப்போதும் அடுப்பில்தான் செய்ய வேண்டும்.

மிச்சமாகும் வாயு

2 கன மீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் போடுகிறீர்கள். மணிக்கு 0.45 கன மீட்டர் எடுக்கும் பர்னர் அதில் நாலு மணி நேரத்துக்குமேல் எரியும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வேளைச் சமையல் தாராளம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டுச் சமைத்தால் இன்னும் மிச்சம். ஒரு கன மீட்டர் சாண வாயு, சிலிண்டர் வாயு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான வேலையைச் செய்யும். சிலிண்டர் விற்கிற விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை பர்னர் தலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வாயுவில் உள்ள கந்தகம் பித்தளையை அரிக்கும்; திருகு இறுகினால் இடுக்கி போட்டு முறுக்காமல், கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு கண்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு சொன்னேன். எல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டில் யார் அடுப்பைப் பற்ற வைக்கிறாரோ, அவர் கையில் தகட்டைக் கொடுத்து, தீக்குச்சி முதலில், திருகு பிறகு என்று ஒரு தரம் செய்துகாட்டச் சொல்லுங்கள். கலன் கட்டிய ஆண்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மூலையில் கிடக்கும் அடுப்பு நாளைக் காலையிலேயே எரியும்.