கிரீக் கரையில் ஒரு திர்ஹம்

பெங்களூர் அல்சூர் பஜார் தெருவில் ஒருவர் துபாய்க்குக் கிளம்புகிறார் என்றால், விசா வருவதற்கு முன்பே சேதி தெருமுனையைத் தாண்டிவிடும். நானும் என் தங்கையும் கிளம்பியபோதும் அப்படித்தான். மாலையில் காபி போடுகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குக் குங்குமப்பூ, ஒருவருக்குப் பேரீச்சை, இன்னொருவருக்கு முழங்கால் வலிக்குக் கோடாலித் தைலம். கடைசியாக எதிர்வீட்டு அக்கா வந்தார். மற்றவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்க தங்கம் ரொம்பச் சீப்பாமே? பொண்ணுக்கு மூணு பவுன்ல ஒரு செயின் எடுத்துட்டு வர முடியுமா? வட்டிக்கு வாங்கியாவது பணம் குடுத்துடறேன்."

அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. போய் வந்த பிறகு தெரிந்தது. துபாய் கடைத்தெருவைப் பற்றிப் பேச வந்த இந்த உரையில் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதே கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும்.

தங்கத்துக்கு உலகச் சந்தையில் இருப்பது ஏறக்குறைய ஒரே விலைதான். துபாயில் மலிவு, இங்கே கூடுதல் என்று இருந்ததற்குப் பெரிய காரணம் நம் நாட்டு இறக்குமதி வரி. அது 15 சதவீதத்தில் நின்றது. 2024 ஜூலை பட்ஜெட்டில் 6 சதவீதமாக இறக்கினார்கள். துபாய்த் தங்கத்தின் மவுசில் பெரும்பகுதி அன்றோடு போயிற்று. துபாயிலும் 2018 முதல் 5 சதவீத வாட் வரி வந்துவிட்டது. வரி விகிதம் எப்போது வேண்டுமானாலும் மாறும். ஆகவே கிளம்புகிற வாரத்தில் இரண்டு ஊர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை நகை கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு உரியது. ஐந்து நாள் சுற்றுலா போய்வருகிறவருக்கு அது கிடையாது. வாங்கிய நகையைச் சுங்கத்தில் சொல்லி வரி கட்டியாக வேண்டும். கட்டினால் மலிவு எங்கே? கட்டாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போகவேண்டாம். 2025 மார்ச்சில் நம் கெம்பேகவுடா விமான நிலையத்திலேயே, துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் 14 கிலோவுக்கு மேல் தங்கம் பிடிபட்டது. அது பெரிய கதை. ஆனால் ஊர்ப் பேச்சை நம்பி ஒரு செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, சுங்க அதிகாரி முன்னால் கண்கலங்கி நிற்கிற சிறிய கதைகளும் இருக்கின்றன. வட்டிக்கு வாங்கிய பணத்தில் அந்த நிலைமை யாருக்கும் வரவேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், துபாயின் தேரா பகுதியில் இருக்கும் கோல்டு சூக்குக்குப் போகாமல் வராதீர்கள் என்பேன். சூக் என்றால் அரபியில் சந்தை. மேலே மரக்கூரை போட்ட நீண்ட தெரு. இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள் இடைவெளியே தெரியாமல் நகை. ஒரு கடையில் 64 கிலோவை நெருங்கும் எடையில் ஒரு மோதிரம் வைத்திருக்கிறார்கள். உலகிலேயே பெரியது என்று கின்னஸ் சான்று பெற்றது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். நான் நின்றது வேறொரு கடையில், ஒரு தராசின் முன்னால்.

விற்பனையாளர் ஆம்பூர்ப் பக்கத்துப் பையன். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும், "வாங்கக்கா, பெங்களூரா?" என்று முகம் மலர்ந்தான். சுவரில் மின்பலகையில் 24, 22, 21, 18 காரட் என்று நான்கு விலைகள் ஓடின. நான் பழக்கத்தில், "விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுப்பா" என்றேன். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, ரேட்டுல பேச ஒண்ணுமில்ல. இந்தத் தெரு முழுக்க ஒரே ரேட்டு. கூலியில பேசுங்க, எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

பிறகு அவனே கற்றுக்கொடுத்தான். கல் வைத்த நகை என்றால் கல் எடையைத் தனியாகக் கேட்கவேண்டும். மெஷினில் வார்த்த சங்கிலிக்குக் கூலி குறைவு, கைவேலைக்கு அதிகம். 21 காரட்டை அரபுக் குடும்பங்கள் விரும்பி எடுக்கும், நம் ஆட்கள் 22-ஐ விட்டு இறங்கமாட்டார்கள். அவன் காட்டிய பில்லில் சேதாரம் என்று ஒரு வரியே இல்லை. எடை, அன்றைய விலை, கூலி, வரி, அவ்வளவுதான். எங்கள் கண்முன்னால் ஒரு சங்கிலியைத் தராசில் வைத்தான். எண் நிற்கும்வரை மின்விசிறிப் பக்கம் கையை நீட்டிக் காற்றை மறைத்துக்கொண்டான். நாங்கள் வாங்கப்போவதில்லை என்று தெரிந்த பின்பும் அப்படிச் செய்தான். தொழிலை மதிக்கிறவர்களின் கை எந்த ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

நேயர்களே, துபாய் என்றதும் நமக்குக் கண்ணாடிக் கோபுரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஊரைப் பெற்றெடுத்தது ஓர் உப்பங்கழி. கிரீக் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஒரு கரையில் தேரா, மறுகரையில் பர் துபாய். அந்தக் கழிக்குள் மரக்கலங்கள் வந்து ஒதுங்கின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெளியூர் வணிகருக்கு வரி வேண்டாம் என்று அங்கிருந்த ஆட்சியாளர் முடிவு எடுத்தார். பாரசீகக் கரையில் வரி ஏறியபோது அங்கிருந்த வியாபாரிகள் இந்தப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அதற்கு முன்பிருந்தே முத்துக்குளிப்புதான் பெரிய தொழில். ஜப்பான் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்த பிறகு, 1930களில் அது படுத்துவிட்டது. அதன் பிறகு தங்கம். 1961இல் கழியைத் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். எண்ணெய் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1966இல். ஆக, எண்ணெய்க்கு முன்னாலேயே அது கடைத்தெருவாக இருந்த ஊர்.

அந்தக் கடைத்தெருவில் செல்லுபடியான பணம் எது தெரியுமா? நம் ரூபாய். வளைகுடா நாடுகள் பலவற்றில் இந்திய ரூபாயில்தான் வியாபாரம் நடந்தது. அங்கிருந்து தங்கம் தோணிகளில் ரகசியமாக நம் மேற்குக் கரைக்கு வர, ரூபாய் அந்தப் பக்கம் போய்க் குவிந்தது. நம் அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, கையில் இருந்த பணம் ஒரே நாளில் தேய்வதைப் பார்த்த வளைகுடா ஊர்கள் ஒவ்வொன்றாக ரூபாயைக் கைவிட்டன. 1971 டிசம்பர் 2இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. 1973இல் திர்ஹம் வந்தது. எதிர்வீட்டு அக்கா கேட்ட அந்தச் செயினுக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

முத்து என்றதும் கீழக்கரையைச் சொல்லாமல் விட முடியாது. மன்னார் வளைகுடாவின் முத்துக்கும் சங்குக்கும் பேர்போன ஊர். அங்கே பிறந்த பி.எஸ்.அப்துர் ரகுமான் இளம் வயதில் கொழும்புக்குப் போய் ரத்தின வியாபாரம் கற்று, பின்னாளில் துபாயில் இ.டி.ஏ. குழுமத்தை வளர்த்தார். இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. 828 மீட்டர் உயரமான புர்ஜ் கலீஃபாவில் மின்சார, குளிர்சாதன வேலைகளைச் செய்த கூட்டணியில் அந்த நிறுவனமும் ஒன்று. அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறபோது, உள்ளே ஓடுகிற குளிர்காற்றுக்குக் கீழக்கரையோடு ஒரு தொடர்பு உண்டு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மால்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2008இல் திறந்த துபாய் மாலில் ஆயிரத்துக்கு மேல் கடைகள். பெரிய மீன்காட்சியகம். மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். 1996இல் தொடங்கிய ஷாப்பிங் திருவிழா இப்போது டிசம்பர், ஜனவரியை ஒட்டி வருகிறது. வெயிலும் குறைவு, தள்ளுபடியும் உண்டு. 2024இல் மட்டும் ஒரு கோடியே 87 லட்சம் பேர் துபாய்க்கு வந்து தங்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு ஒரு நாள் சுற்றலாம். ஆனால் அந்தக் கடைகளில் பல நம் பெங்களூர் மால்களிலும் இருக்கின்றன. அதே சட்டைக்கு விமானம் ஏற வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. 250 திர்ஹத்துக்கு மேல் வாங்கினால், வாட் வரியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். கடையில் பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். பெட்டியை விமானத்தில் போடக் கொடுப்பதற்கு முன்பே அதற்கான கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள். பொருளைக் காட்டச் சொல்வார்கள்.

மூட்டை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அங்கே இருக்கும் மகனுக்கு என்று அம்மாக்கள் குருமாவுக்குக் கசகசா கட்டிக்கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் அப்படியே. இங்கே சாதாரணமாகக் கிடைக்கிற சில இருமல் மருந்துகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். யாரோ கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகவே கூடாது, போகும்போதும் சரி, வரும்போதும் சரி. கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர்.

என் மனதில் நின்ற கடைத்தெரு, கோல்டு சூக்கிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் மசாலா சூக். சாக்குப் பைகளின் வாயை மடித்துவிட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். கறுத்துச் சுருங்கிய உலர்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு, ஈரானிலிருந்து வந்த குங்குமப்பூ, ஓமானின் மலைகளில் மரத்தைக் கீறி எடுத்த குந்துருக்கம். ஏலக்காய்ச் சாக்கு இரண்டு இருந்தது. எது எந்த ஊர் என்று கேட்டேன். ஒன்று குவாத்தமாலா, மற்றது இடுக்கி என்றார் கடைக்காரர். இடுக்கிக் காயைக் கையில் வைத்து நசுக்கி முகரக் கொடுத்தார். காவா என்கிற அரபிகளின் காபியில் அந்த வாசனைதான் வருகிறது. நம் மலையில் விளைந்த காயை அந்நிய ஊரில் முகர்ந்தபோது, அல்சூர்ச் சந்தையில் மாலை வேளையில் நடக்கிற உணர்வு வந்துவிட்டது.

வராமல் எப்படி இருக்கும்? எங்கள் அல்சூரும் வந்தவர்களால் ஆன ஊர்தான். 1809இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக் கண்டோன்மெண்டை அமைத்தார்கள். அந்தப் படைக்கு அரிசி, துணி, செங்கல், விறகு கொடுக்க வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். பழைய சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியிருந்த ஊர் பஜாராக விரிந்தது. இங்கே பட்டாளம் கடையை அழைத்தது, துபாயில் கடை ஊரை அழைத்தது. இரண்டிலும் வேர் விட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். பர் துபாய் கரையில், பல காலம் இந்துக் கோயில் இருந்த ஒரு சந்து இருக்கிறது. அங்கே மல்லிகைச் சரத்தை முழம் போட்டு விற்கிறார்கள். என் தங்கை ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஈரம் காயாமல் இருந்தது.

கடைசி நாள் மாலை, தேராவிலிருந்து பர் துபாய்க்கு அப்ராவில் கடந்தோம். அப்ரா என்பது இருபது பேர் உட்காரக்கூடிய மரப்படகு. நடுவில் நீளப் பலகை, அதில் முதுகோடு முதுகாக உட்காரவேண்டும். கட்டணம் ஒரு திர்ஹம். சீட்டு கிடையாது. படகு கரையை விட்டதும் படகோட்டி கையை நீட்டுகிறார், நாணயத்தை வைக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் வேலை முடிந்து திரும்புகிற நான்கு பேர் நீல உடையில் இருந்தார்கள். ஒருவர் கையில் சாப்பாட்டுத் தூக்கு. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு?" என்றார். அல்சூர் என்றேன். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே அந்த அல்சூரா என்று கேட்டார். அவர் திருப்பத்தூர்க்காரர், அந்தச் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த அன்று கூட்டத்தில் நின்றவராம். பெங்களூரில் அப்போது கட்டட வேலை செய்துகொண்டிருந்தாராம்.

"என்ன வாங்கினீங்க?" என்று கேட்டார். கைப்பையைத் திறந்து காட்டினேன். ஒரு டப்பா குங்குமப்பூ, இரண்டு கிலோ பேரீச்சை, கொஞ்சம் உலர்ந்த எலுமிச்சை, குந்துருக்கம், கோடாலித் தைலம் நான்கு சீசா. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எலுமிச்சையை ஒன்று எடுத்து மூக்கருகே வைத்தார். "இத ரசத்துல ஒண்ணே ஒண்ணு தட்டிப் போடுங்க. விதைய எடுத்துடணும், இல்லாட்டி கசக்கும்," என்றார்.

படகு கரை சேர்ந்தது. தூக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் அவர் இறங்கினார்; திரும்பி என் தங்கைக்குக் கை கொடுத்தார்.