பதியப்படாத ஒற்றுமை
(கோப்பன்ஹேகன் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



2001 இல் நான்கு கட்சிகள் இணைந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. 2004 இல் அது 22 ஆசனங்களை வென்றது. 2015 இல் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆயினும் 2004 முதல் அது தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலேயே போட்டியிட்டது. கூட்டமைப்பைத் தனியாகப் பதிவுசெய்யுமாறு பங்காளிக் கட்சிகள் விடுத்த கோரிக்கை நிறைவேறவில்லை. 2010 இல் ஒரு பகுதியினர் பிரிந்தனர். 2023 இல் தமிழரசுக் கட்சி தனித்துப் போட்டியிட முடிவெடுத்தது, கூட்டமைப்பு உடைந்தது. 2024 இல் யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது.

நாம் வாழும் டென்மார்க்கில் கூட்டாக ஆட்சியமைக்கும் கட்சிகள் தம் இணக்கத்தை எழுதி வெளியிடுகின்றன. இளையோரே, நீங்கள் கட்டும் எந்த அமைப்பிலும் முதலில் விதிகளை எழுதுங்கள். உணர்ச்சி ஒன்றுசேர்க்கும், விதியே பிரியாது காக்கும்.