கிணற்றின் ஊற்றை அளந்த கதை

கிணற்றில் நிற்கும் நீர் வேறு. கிணறு சுரக்கும் நீர் வேறு. இவ்வேற்றுமையைக் கரும்பலகையில் விளக்க முயன்று பன்முறை தோற்றவன் நான். ஆகவே 1996ஆம் ஆண்டு பங்குனியில், கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஒரு தோட்டத்துக் கிணற்றடிக்கே அழைத்துச் சென்றேன்.

பாறையை வெட்டித் தோண்டிய வட்டக் கிணறு. விட்டம் 6 மீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 283 லிட்டர் சேர்ந்தது என்பது கணக்கு. கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டோம். எல்லா அளவும் அங்கிருந்தே. எடை கட்டிய அளவுநாடாவின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தடவி இறக்கினால், நனைந்த பகுதி தனித்துத் தெரியும். சுவரில்லாக் கிணற்றருகே பிள்ளைகளை அழைத்துச் செல்வது தகாது என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரை ஓட்டி, மட்டம் 3 மீட்டர் தாழ்ந்ததும் நிறுத்தினோம். முதல் ஒரு மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் ஏறிற்று. அதாவது சுமார் 5,650 லிட்டர். அதனை 24ஆல் பெருக்கி, நாளொன்றுக்கு 1,35,600 லிட்டர் ஊறுமென்று தோட்டக்காரரிடம் பெருமிதத்துடன் கூறினேன். வாழை வைக்க 4 ஏக்கர் உழுது வைத்திருந்த அவருக்கு முகம் மலர்ந்தது.

அவருடைய மகளும் என் வகுப்பில் பயின்றவள். மெல்லக் கேட்டாள்: "ஐயா, மணிக்கு 20 என்றால் ஒரு நாளில் 4 மீட்டர் 80 ஏற வேண்டுமே. நாம் இறைத்ததே 3 மீட்டர்தானே?"

எனக்கு நாவெழவில்லை. மட்டம் தாழ்ந்திருக்கையில் பாறை வெடிப்புகளிலிருந்து நீர் விரைந்து வரும். பழைய மட்டத்தை நெருங்க நெருங்க வரத்துக் குறையும். மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டமும் மிகும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி மணலில் நீரைச் செலுத்தி ஆராய்ந்து 1856இல் வெளியிட்டார். அதைப் பாடமாக நடத்தியவனே கிணற்றடியில் மறந்துவிட்டேன்.

மோட்டாரைத் தொட வேண்டாமென்று வேண்டிக்கொண்டோம். இரவில் தந்தையும் மகளும் அரிக்கேன் விளக்குடன் அளந்து குறித்தனர். மறுநாள் அதே வேளையில் மொத்த ஏற்றம் 2 மீட்டர் 40 சென்டிமீட்டர். ஏறத்தாழ 68,000 லிட்டர். நான் சொன்னதில் பாதி!

"வெயில் முற்றினால் இதுவும் இராது, வாத்தியாரையா" என்றார் தோட்டக்காரர். 2 ஏக்கரில் மட்டும் வாழை வைத்து, மீதியில் சோளம் விதைத்தார். சித்திரையில், பள்ளி விடுமுறையாயினும், மீண்டும் அளக்க வருமாறு அழைத்தவரும் அவரே. சென்றோம். பெருக்கும் வேலையை இம்முறை மாணவர்களிடமே விட்டுவிட்டேன்.