நகரப் பேருந்தும் நம் கவியரங்கமும்



பத்தாம் ஆண்டு விழாவில் பேருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இவர் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கூட்டங்களில் இரவு ஏழு மணியானதும் மகளிர் இருக்கைகள் ஒவ்வொன்றாக வெறுமையாவதைக் காண்கிறோம். கவியரங்கம் தொடங்குவதோ அதன் பின்னர்தான். சேலையூரிலிருந்தும் அகரம்தென்னிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் வரும் பெண் கவிஞர்கள் எழுதிய கவிதையைக் கைப்பையில் கொண்டுவந்து, படிக்காமலேயே திரும்ப எடுத்துச் செல்கின்றனர். கேட்டால், "வண்டி போய்விடும்" என்பதே விடை. ஆகவே இது இலக்கியச் செய்திதான்.

தாம்பரம், வண்டியால் வளர்ந்த ஊர். 1931இல் கடற்கரையிலிருந்து இங்கு வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை மக்களுக்கு இன்றும் அதுவே முதுகெலும்பு. ஆனால் முதுகெலும்பிலிருந்து விலாவுக்குச் செல்லப் பேருந்துதான் வேண்டும். 1972இல் தோன்றிய கழகத்திற்குப் பல்லவன் என்று பெயரிட்டனர். சேரன், சோழன், பாண்டியன் எல்லாம் வேறு மாவட்டங்களில் ஓடினர். மூவேந்தரும் பயணச்சீட்டுக் கிழித்துக் கொடுத்த காலம் அது! 1997இல் அப்பெயர்கள் இறங்கிப் போயின. வண்டிக்குள் குறள் எழுதும் மரபு மட்டும் தொடர்ந்தது. நெரிசலில் அதைப் படிக்க முடிந்தவர் பேறு பெற்றவர்.

நகரம் தேய்கிறது என்று நான் சொன்னால், அடுக்குமாடிகளைக் காட்டி மறுப்பீர்கள். பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரியும் என 2022இல் அரசு அறிவித்ததும் உண்மை. பேருந்துகள் அவ்வாறு பெருகவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பெரும் நிலையம் திறக்கப்பட்டது. திறந்த நாளில் அதனருகே தொடர்வண்டி நிலையம் இல்லை. வரைபடம் வளர்ந்து, அதன் ஓரத்தில் நிற்பவர் காத்திருக்கும் நேரமும் கூடவே வளருமானால், அதைத் தேய்வு என்னாமல் வேறென்ன என்பது?

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. இதை எள்ளி நகையாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணின் மாதச் செலவில் அது பெருந்தொகை. எனினும் கட்டணத்தை விட்டுக்கொடுத்த அளவுக்கு நேரத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வண்டிக்காகக் காத்திருந்து, வாராமையால் பங்குத் தானியில் ஏறுபவளுக்கு இலவசம் ஏது?

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், சிறுபொழுது மாலை, பெரும்பொழுது கார். தாம்பரம் நிறுத்தத்தில் மாலையில் நிற்கும் பெண்ணுக்கு மூன்றும் பொருந்தும். கார் மட்டும் ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போய், 2015 டிசம்பரில் கண்டதுபோல் முடிச்சூரையே நீரில் ஆழ்த்திவிடும். வண்டி நிற்காமல் சென்றுவிட்டால் முல்லை நெய்தலாகி இரங்கலில் முடிகிறது. உரிப்பொருள் மயங்காது என்பது தொல்காப்பியம். அவர் மாநகரப் பேருந்தில் பயணம் செய்தவரல்லர்.

வேடிக்கை இருக்கட்டும். தலைவி காத்திருந்ததை நூற்றுக்கணக்கில் பாடிய மொழி நம்முடையது. குடிநீர்ப் பஞ்சத்துக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்கும் பெண், வரப்போகும் வண்டியின் எண்ணை இருளில் கண்சுருக்கிப் பார்ப்பதும், வீட்டில் சோறு வடிக்கும் நேரத்தைக் கணக்கிடுவதும், பின்னால் வந்து நிற்பவன் யார் என்று திரும்பாமலே அறிவதும் உங்கள் பாடுபொருள் ஆகலாகாதா? அவளே எழுதட்டும் என்பீர்கள். எழுதியிருக்கிறாள், கைப்பையில் இருக்கிறது என்றுதானே சொன்னேன்.

பேருந்தை நம்மால் கூட்ட இயலாது. நிகழ்ச்சி நிரலை மாற்ற இயலும். வரவேற்புரை, வாழ்த்துரை, மூன்று பொன்னாடைகள் ஆகியவை முடிந்த பின்னரே கவிதை என்னும் முறையை யார் விதித்தார்? கவியரங்கத்தை மாலை நான்கு மணிக்கு முதலில் வையுங்கள். தொலைவிலிருந்து வருபவரை முதலில் அழையுங்கள். தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இடம் பாருங்கள். வாழ்த்துரை வழங்குவோர் பெரும்பாலும் சொந்த வண்டியில் வருகிறார்கள். அவர்கள் எட்டு மணிக்கும் வாழ்த்தலாம்.

அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று செயலாளர் சற்றுமுன் கூறினார்.